விரல் வெளுப்பது குளிரால் மட்டும்தானா?

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள ஓர் ஊரிலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டிலிருந்து தோட்டம் 14 கிலோமீட்டர். பேர் பதியும் நேரத்துக்குப் போய்ச் சேர, காலை 6 மணிக்குத் தன் 100 சிசி வண்டியில் கிளம்ப வேண்டும். இரண்டு வருஷமாக, டிசம்பர் பிறந்தால் பாதி வழியிலேயே இடது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் 'மெழுகுவத்தி மாதிரி' வெளுத்துப் போகின்றன. கிள்ளினாலும் தெரிவதில்லை. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விரல்கள் நீலமாகி, அப்புறம் சிவந்து, ஊசி குத்துவது போல் வலிக்கின்றன. மனைவி பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறையைப் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். இறங்கியதும் சைலன்சர் பக்கத்தில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வது பழக்கம். போன ஜனவரியில் அப்படிக் காட்டியபோது விரல் நுனி கொப்பளித்துவிட்டது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள் ஒரு வளைவில் கிளட்ச் பிடிபடாமல் வண்டி எதிர்ப்பக்கம் போய்விட, பச்சைத்தேயிலை ஏற்றி வந்த லாரிக்காரர் ஒதுங்கியதால் தப்பித்திருக்கிறார்.

ஊரில் ஆளுக்கொரு பயம் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தொழுநோயாக இருக்கும் என்கிறார். மைத்துனர், குளிரில் விரல் செத்துவிட்டால் வெட்டி எடுக்க வேண்டிவரும் என்கிறார். கிளம்புவதற்கு முன் ஒரு கட்டிங் போட்டால் உடம்பு சூடாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்ல, அதையும் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று: எந்த மாதிரி கிளவுஸ் வாங்கலாம்? கைப்பிடியில் ஹீட்டர் மாட்டலாமா? இல்லை, வண்டியை விற்றுவிட்டு வேலையையே மாற்றிக்கொள்வதுதான் வழியா?

கடிதத்தின் கடைசியில், இது தேவையா தெரியவில்லை என்ற முன்குறிப்போடு இரண்டு வரி. 'இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரஷர் இருப்பதாகச் சொல்லி அட்டெனோலால் மாத்திரை கொடுத்தார்கள், தினமும் சாப்பிடுகிறேன். தோட்டத்தில் ஆறு வருஷமாகக் கவாத்து மெஷினும் கொழுந்து வெட்டும் மெஷினும் ஓட்டுகிறேன்.'

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசி இரண்டு வரியை எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. கையுறையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் விரல்களில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். குளிரில் கை விறைப்பது மலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் இரண்டு விரல்கள் மட்டும், ஒரு கோடு போட்டது போல் எல்லை தெரிய வெளுத்து, நீலமாகி, சிவப்பாக மாறுவது வெறும் விறைப்பு கிடையாது. இதற்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். 1862இல் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோவின் பெயரால் அப்படி அழைக்கிறோம்.

விரல்களை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் இருப்பவை எலும்பு, நரம்பு, தசைநார், தோல் போன்றவைதான். அதனால் விரல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. உடம்பு குளிர்ந்தால் இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றின் சூட்டைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் குழாய்கள் இறுகுகின்றன. வரும்படி குறைந்த வீட்டில் முதலில் வெளிச்செலவை நிறுத்துகிற மாதிரிதான் இது. எல்லோருக்கும் நடக்கிற இந்த இறுக்கம் உங்களுக்கு அளவு மீறிப் போகிறது. ரத்தம் ஏறக்குறைய நின்றுபோவதால் வெளுப்பு, இருக்கிற ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்வதால் நீலம், குழாய் திறந்து ரத்தம் பாய்ந்து வருவதால் சிவப்பும் வலியும்.

இது தொழுநோய் மாதிரித் தெரியவில்லை. தொழுநோயில் உணர்ச்சி இழந்த இடம் வெயிலிலும் குளிரிலும் அப்படியேதான் இருக்கும். காலை 6 மணிக்குப் போய் 8 மணிக்குத் திரும்பி வராது. அப்படியே தொழுநோயாக இருந்தாலும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்துகளால் குணமாகிற நோய்தான் அது. பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். இந்தப் பயத்தினாலேயே மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைத்துனர் சொல்வதிலும் ஒரு தவறு இருக்கிறது. பனிக்காயத்தில் விரலை இழப்பது உண்மையில் நடக்கிற விஷயம். ஆனால் அது சதை உறைந்துபோகும்போது நடப்பது. 4 டிகிரிக் காற்றில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றுக்குளிர் கணக்குப்படி முகத்தோல் சுமார் மைனஸ் 2 டிகிரி போல உணரும். அது உணர்வின் கணக்கு. காற்று 4 டிகிரியில் இருக்கும்போது நனையாத விரல் அதற்குக் கீழே குளிர்ந்துவிடாது, அந்தக் குளிரை வேகமாக எட்டும், அவ்வளவுதான். அரைமணி நேரப் பயணத்தில், கையுறைக்குள் இருக்கும் விரல் உறைந்துபோவது நம் மலையில் வெகு அபூர்வம். ஆனால் 'நனையாத' என்ற சொல்லை மறக்க வேண்டாம், உங்கள் பிளாஸ்டிக் கவர் விஷயத்தில் அது திரும்ப வரும்.

மெஷினும் மாத்திரையும்

உங்கள் வயதில், இளவயதில் இந்தத் தொல்லையே இல்லாத ஓர் ஆணுக்கு இது புதிதாக வந்தால் ஒரு காரணம் இருக்கும் என்று எண்ணித் தேடுவது மருத்துவர்களின் வழக்கம். சின்ன வயதுப் பெண்களுக்கு எந்தக் காரணமும் இல்லாமல் வரும், பெரும்பாலும் தொந்தரவு செய்யாமல் கூடவே இருக்கும். உங்கள் கதை வேறு.

1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு என்ற ஊரில் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் பரிசோதித்தார். காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியலை வலது கையிலும் உளியை இடது கையிலும் பிடித்து வேலை செய்தவர்கள் அவர்கள். உளியைப் பிடித்த இடது கையின் விரல்கள் குளிர்காலக் காலைகளில் செத்தது போல் வெளுத்து, உணர்ச்சியற்றுப் போயின. அதிரும் கருவியை வருஷக்கணக்கில் பிடிப்பதால் விரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன என்பது இன்று மருத்துவத்தில் உறுதியான விஷயம். மரம் அறுக்கும் இயந்திரம், பாறை துளைக்கும் கருவி, புல்வெட்டும் மெஷின் என்று எதை நீண்டகாலம் பிடித்தாலும் வரலாம். கவாத்து மெஷின் விதிவிலக்கு இல்லை. வேலை செய்யும்போதே வெளுக்க வேண்டும் என்றும் இல்லை. பெரும்பாலும் அதற்குப் பிறகு, குளிர் படும்போது வெளிப்படும். வண்டி ஓட்டும்போதுதான் வெளுக்கிறது, அதனால் வண்டிதான் காரணம் என்று நீங்கள் நினைத்தது நியாயம்தான். ஆனால் ஆறு வருஷமாக மெஷின் செய்துவைத்ததைக் காலைக் குளிர் எடுத்துக் காட்டுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, மாத்திரை. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்று 'லால்' என்று முடியும் பெயருள்ள மருந்துகள் ஒரே குடும்பம். இதயத்துடிப்பைக் குறைத்து ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல மருந்துகள். ஆனால் சிலருக்குக் கை கால் விரல்களைச் சில்லென்று ஆக்கிவிடும், ரேனோவை மோசமாக்கும். உங்களுக்கு மாத்திரை ஆரம்பித்ததும் இரண்டு வருஷம், விரல் வெளுக்க ஆரம்பித்ததும் இரண்டு வருஷம். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் விசாரிக்காமல் விட முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் குடும்ப மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். கொடுத்த மருத்துவரிடமே போய், 'இதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து விரல் வெளுக்கிறது, வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா' என்று கேளுங்கள். நிஃபெடிப்பின், அம்லோடிப்பின் போன்ற மருந்துகள் ரத்தக்குழாயை விரிப்பவை. ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பார்கள், ரேனோவுக்கும் கொடுப்பார்கள். உங்களுக்கு ஒரே மாத்திரையில் இரண்டு வேலையும் முடிய வாய்ப்பிருக்கிறது. ஆனால் எதை எவ்வளவு என்பதை உங்கள் இதயத்தைச் சோதித்துப் பார்த்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போகும்போது கையில் ஒரு சாட்சியும் கொண்டுபோங்கள். மருத்துவரின் அறைக்குள் நுழையும்போது விரல் சாதாரணமாகத்தான் இருக்கும், பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல். அடுத்த முறை வெளுக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து வைத்து செல்போனில் படம் எடுங்கள். நீலமாகும்போது ஒன்று, சிவக்கும்போது ஒன்று. பத்து நிமிஷம் வாயால் விளக்குவதைவிட அந்த மூன்று படங்கள் அதிகம் சொல்லும். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, தேவைப்பட்டால் மூட்டு, தோல் சம்பந்தப்பட்ட தன்னெதிர்ப்பு நோய்களுக்கான ஏஎன்ஏ பரிசோதனை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நகத்தின் அடித்தோலை உருப்பெருக்கியால் பார்த்து நுண்குழாய்கள் சீராக இருக்கின்றனவா என்று கவனிப்பதும் உண்டு. ராத்திரித் தூக்கத்தில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதைக் காட்டும், அதிரும் மெஷின் ஓட்டுபவர்களுக்கு அதுவும் சேர்ந்து வருவதுண்டு.

பீடி, சிகரெட் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும். நிகோடின் விரல் ரத்தக்குழாயை நேரடியாக இறுக்கும். புகைப்பவர்களுக்கு, அதிலும் நடுவயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு, கைகால் ரத்தக்குழாய் அடைத்துப்போகும் பர்ஜர் நோய் என்று ஒன்று நம் நாட்டில் உண்டு. விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோவதில் நம் ஊர்க் குளிரைவிட எனக்கு இதன் மேல்தான் பயம்.

சரி, வண்டிக்கு வருவோம்

மருந்தும் மெஷினும் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக் காலை 6 மணிக்கு நீங்கள் வண்டியை எடுத்தாக வேண்டும். விரல் தோலின் சூடு சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான அசைவு தடுமாறும். இன்னும் கீழே போனால் தொடு உணர்வே போய்விடும். லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் அழுத்துவோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. விறைத்த விரல் அரை விநாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்விடும். அன்று லாரிக்காரர் ஒதுங்கியதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. கடிதத்தில் எனக்குத் தூக்கம் கெடுத்தது அந்த வரிதான்.

மெதுவாகப் போனால் குளிர் குறையும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வளைவில் மெதுவாகப் போவது நல்லது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கைக்குப் பெரிய லாபம் கிடையாது. 4 டிகிரிக் காற்றில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30க்கு இறங்கினால் உணரும் குளிரில் ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். பயணமோ 17 நிமிஷத்திலிருந்து 28 நிமிஷமாகிறது. காற்று விரலைத் தொடாமல் தடுப்பதுதான் உதவும்.

முதலில் நெஞ்சும் மணிக்கட்டும்

கை குளிர்கிறது என்றால் எல்லோரும் கையுறையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் மேலே சொன்னபடி, விரலுக்கு ரத்தம் விடலாமா வேண்டாமா என்பது நெஞ்சும் வயிறும் எவ்வளவு சூடாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஸ்வெட்டருக்கு மேல் காற்றுப் புகாத ஜெர்கின், கழுத்து வரை ஏற்றிய ஜிப், மப்ளர். ஜிப் வழியாகக் காற்று புகுந்தால், ஜெர்கினுக்குள் நெஞ்சுக்கு நேராக நான்கு மடிப்புச் செய்தித்தாளை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பால்காரர்கள் செய்துவந்த வேலை இது, இன்றும் பலன் தருகிறது. மப்ளரின் நுனி தொங்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும், சக்கரத்தில் மாட்டினால் கழுத்துக்கே ஆபத்து.

மணிக்கட்டில் தமனிகள் தோலுக்கு வெகு அருகில் ஓடுகின்றன. கையுறை முடியும் இடத்துக்கும் ஜெர்கின் கை ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி இருந்தால், விரலுக்குப் போகும் ரத்தம் அங்கேயே குளிர்ந்துவிடும். உங்கள் ரப்பர் பேண்ட் இருப்பதும் அதே இடத்தில்தான். வரும் கொஞ்ச ரத்தத்தையும் அது நெரிக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய கம்பளி சாக்ஸின் மேல் பகுதியை நான்கு விரல்கடை வெட்டி மணிக்கட்டில் வளையல் போல் ஏற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத வேலை, வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். எதையாவது சாப்பிட்டு, சூடாக டீ குடித்துவிட்டு, கை சூடாக இருக்கும்போதே கையுறையைப் போடுங்கள். கையுறை சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். விறைத்த கையைக் கொண்டுபோய் உள்ளே நுழைத்தால் அந்தக் குளிரையும் பத்திரமாகக் காக்கும். ராத்திரியே கையுறையை அடுப்படியில், நெருப்புக்குத் தள்ளி, காய்கிற மாதிரி வையுங்கள்.

கையுறை

கம்பளி சூட்டைக் காக்கும், ஆனால் காற்றை விட்டுவிடும். அதனால்தான் பிளாஸ்டிக் கவரைப் போட்டீர்கள், யோசனை சரிதான். ஆனால் பிளாஸ்டிக் உள்ளே வியர்வையைத் தேக்கி கம்பளியை நனைக்கிறது. நனைந்த துணி சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதோடு பிளாஸ்டிக் லீவரில் வழுக்கும். அன்று வளைவில் கிளட்ச் பிடிபடாததற்கு விரல் விறைத்தது பாதிக் காரணம் என்றால், கவர் வழுக்கியது மீதிக் காரணமாக இருக்கலாம்.

உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத தோல் அல்லது நைலான் என்று இரண்டு அடுக்கு வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்களின் மார்க்கெட்டில் கம்பளிச் சாமான் கிடைக்கும். வெளியுறையை மட்டும் வண்டிச் சாமான் விற்கும் கடையில், மணிக்கட்டைத் தாண்டி ஜெர்கின் கையை மூடும் அளவு நீளமானதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே இரண்டு அடுக்கையும் போட்டுக்கொண்டு முஷ்டியை மூடிப் பாருங்கள். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். விரலிடுக்கில் இழுத்துப் பிடித்தால் ரத்தம் ஓடாது, எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தக் கையுறையால் பயனில்லை. அப்புறம் வெளியே வந்து உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து, கிளட்சையும் பிரேக்கையும் பத்து முறை பிடித்து விட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் சுவிட்சைக் கண்ணால் பார்க்காமல் தள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். தடிமனான கையுறை என்று பெருமைப்பட்டு, லீவரின் உணர்வை இழந்துவிடக் கூடாது. காய்ந்த ஜோடி ஒன்று சாப்பாட்டுப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஹேண்டில் கவர்

என்னைக் கேட்டால், உங்கள் 14 கிலோமீட்டருக்கு ஹீட்டரை விடவும் விலை உயர்ந்த கையுறையை விடவும் இதுதான் நல்ல வழி. கைப்பிடி, லீவர் எல்லாவற்றையும் சேர்த்து மூடும் ரெக்சின் அல்லது கேன்வாஸ் உறை. கையை அதற்குள் நுழைத்துக்கொண்டால் காற்று நேரடியாகப் படாது, சாதாரணக் கையுறையே போதும். தையல்காரரிடம் தைத்தும் வாங்கிக்கொள்ளலாம். மாட்டியதும் மூன்று விஷயத்தைச் சோதியுங்கள். கை ஒரே வீச்சில் வெளியே வர வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும், உறை அதைப் பிடித்து நிறுத்தக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது உறை எதையும் இழுக்கக் கூடாது, லீவரைத் தானாக அமுக்கவும் கூடாது. இதை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும், ரோட்டில் தெரிந்துகொள்ளக் கூடாது.

கைப்பிடி ஹீட்டர் உங்கள் வண்டிக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். ஒரு ஜோடி 36 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். 100 சிசி வண்டிகளில் பரவலாக இருக்கும் பேட்டரி 3 ஆம்பியர்-ஹவர்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அந்தச் செலவு வேறு. வண்டி உண்டாக்கும் மின்சாரம் போதாமல் போனால், மற்ற எதுவும் இழுக்காவிட்டால்கூட அந்தப் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பெரிய வண்டிக்காரர்களுக்கு ஹீட்டர் நல்ல சாமான். ஆனால் உங்களைப் போல் விரலில் உணர்ச்சி போகிறவர்கள் அதை வைத்தாலும் குறைந்த சூட்டில்தான் வைக்க வேண்டும். சுடுவது தெரியாத கைக்கு எந்தச் சூடும் ஆபத்து.

சைலன்சரும் கட்டிங்கும்

மரத்த விரலைச் சைலன்சரிலோ விறகடுப்பிலோ காட்டாதீர்கள். கொப்புளம் வந்ததே எச்சரிக்கை. விரல் வெளுக்க ஆரம்பிக்கிறது என்று தெரிந்தவுடன், முழுக்க மரத்துப்போகும் வரை காத்திருக்காமல், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கையை முழங்கையோடு நீட்டி, காற்றாடி போல் இருபது முப்பது முறை வேகமாகச் சுற்றுங்கள். சுற்றுகிற வேகத்தில் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். அப்புறம் கையுறையைக் கழற்றி, விரல்களை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்துக்காகக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள். தாமதமாகக் கிளம்பினால் குளிர் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், மேகமில்லாத இரவில் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். முந்தின இரவு வானம் துடைத்தது போல் நட்சத்திரங்களோடு, காற்றும் இல்லாமல் இருந்தால் மறுநாள் உறைபனி விழ வாய்ப்பு அதிகம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் மேட்டைவிடப் பள்ளத்தாக்கு வளைவுகளில்தான் விரல் முதலில் போகும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அதை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

தோட்டத்துக்குப் போனதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். சூடு சரியா என்று மரத்த விரலால் பார்க்கக் கூடாது. முழங்கையால் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் அளவுக்கு இருந்தால் சரி. ரத்தம் திரும்பும்போது வலிக்கும், அது இயல்பு.

கட்டிங் விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மது தோலின் ரத்தக்குழாயை விரிக்கும், அதனால் சூடாக இருப்பது போல் தோன்றும். உண்மையில் உடம்பின் உள்சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். குடித்துவிட்டு அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுவது உங்கள் உயிருக்கு மட்டும் ஆபத்து இல்லை, எதிரே வருபவர்களுக்கும்தான். இரண்டு முறை செய்ததை என்னிடம் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவது முறை வேண்டாம்.

வேலையை விட வேண்டுமா?

வேண்டாம். வண்டியை விற்கவும் வேண்டாம். ஆனால் மெஷினைப் பற்றித் தோட்டத்தில் பேச வேண்டும். அதிர்வினால் வரும் பாதிப்பை ஆரம்பத்தில் கண்டு, அதிர்வை நிறுத்தினால் பலருக்குக் காலப்போக்கில் குறையும். முற்றவிட்டால் நிரந்தரமாகிவிடும். மருந்தால் மட்டும் சரிசெய்ய முடியாத இடம் இது.

முதலில் மருத்துவரிடம், 'அதிரும் கருவியைப் பிடிக்கும் வேலையைத் தவிர்க்க வேண்டும்' என்று எழுத்தில் வாங்குங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தருவது நிர்வாகத்தின் கடமையாக இருந்துவருகிறது, அதனால் தோட்ட ஆஸ்பத்திரியில் இதைப் பதிவு செய்வதில் தயங்க எதுவும் இல்லை. அந்தச் சீட்டின் நகலை வீட்டில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி மூலமாக நிர்வாகத்திடம் மாற்று வேலை கேளுங்கள். சங்கத்தில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். உடனே மாற்ற முடியாது என்றால், ஒருவரே நாள் முழுக்க ஓட்டாமல் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவது, கத்தியைக் கூராக வைப்பது, தேய்ந்த ரப்பர் தாங்கிகளை மாற்றுவது, பிடியை இறுக்காமல் பிடிப்பது, கையைச் சூடாக வைத்துக்கொண்டு வேலை தொடங்குவது ஆகியவற்றையாவது கேட்டு வாங்குங்கள். உங்களோடு மெஷின் ஓட்டும் மற்றவர்களையும் விசாரியுங்கள். இன்னும் நாலு பேருக்கு இப்படி வெளுத்துக்கொண்டிருக்கும், வெளியே சொல்லாமல் இருப்பார்கள். தனியாளாகக் கேட்பதைவிட ஐந்து பேராகக் கேட்டால் நிர்வாகமும் கவனிக்கும்.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. சூடேற்றி அரைமணி நேரம் ஆகியும் வெளுப்போ நீலமோ போகவில்லை, விரல் நுனி கறுக்கிறது, புண் வந்து ஆறவில்லை, ஒரு கை முழுக்கச் சில்லென்று ஆகி வலிக்கிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைத்தோல் இறுகிக்கொண்டே வந்தாலும், சாப்பாடு விழுங்கச் சிரமமாக இருந்தாலும் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். போன வருஷம் கொப்பளித்த விரல் நுனியையும் மறக்காமல் காட்டுங்கள்.

மனைவி பின்னிய கையுறை வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அதை எடுத்து வைக்க வேண்டாம். வெளியுறை வாங்கப் போகும்போது அதைக் கையிலேயே போட்டுக்கொண்டு போய், அதற்கு மேல் இறுக்காமல் ஏறுகிற அளவாகப் பார்த்து வாங்குங்கள்.